வதுலேகாவுக்குப் போய்ச் சேர்ந்த எந்திரம்

வதுலேகா தீவுக்குக் குடிநீர் எந்திரம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று மாடித் திரை பச்சையாக அறிவித்த காலையில், காவலாளி இர்ஷாத் அந்த எந்திரத்தின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே உருளைக்கிழங்கு மசாலா. துறைமுகத்தை ஒட்டிய வாலு பே என்ற இடத்துக் கிடங்கின் மூலையில், மரச்சட்டம்கூடப் பிரிக்காமல், எந்திரம் அவருக்கு நல்ல நாற்காலியாக இருந்தது.

இனோகே மாடியிலிருந்து இறங்கி வந்து அவர் முன்னால் நின்றான்.

"இர்ஷாத் பாய், கொஞ்சம் எழுந்திரிங்க. நீங்க உக்காந்திருக்கிறது எங்க ஊர்த் தண்ணி மேல."

"உங்க ஊருக்குப் போயிடுச்சுன்னு மேல கேக் வெட்டினாங்களே பாபு?"

"போயிடுச்சு."

"அப்ப நான் எது மேல உக்காந்திருக்கேன்?"

 எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்வதுதான் இனோகேயின் உத்தியோகம். வழங்கல் தொடர் ஆய்வாளர் என்று கதவில் பெயர்ப்பலகைகூட இருந்தது. பாய் நீட்டிய பாதி ரொட்டியை வாங்கிக்கொண்டு அவனும் எந்திரத்தின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

தீவுகள் வழங்கல் ஒருங்கிணைப்பு நடுவம் என்பது, எந்தத் தீவுக்கு என்ன வேண்டும், அது எந்தக் கப்பலில் எப்போது போகும் என்று பார்த்துச் சொல்வதற்காகச் சுவா நகரில் ஏற்படுத்திய அமைப்பு. பார்ப்பார்கள், சொல்வார்கள், அனுப்புவதில்தான் கொஞ்சம் சுணக்கம். கூட்ட அறையில் சுவர் முழுக்க ஒரு திரை. அதில் தீவுக்கு ஒரு புள்ளி. சரக்கு போய்ச் சேர்ந்திருந்தால் பச்சை, வழியில் இருந்தால் மஞ்சள், தாமதமானால் சிவப்பு. திங்கட்கிழமைக் கூட்டம் ஜெபத்தோடு தொடங்கும். ஜெபம் முடிந்ததும் எல்லோரும் அதே பக்தியோடு திரையைப் பார்ப்பார்கள். புதிதாக வந்தவர்களுக்கு ஜெபம் முடிந்துவிட்டதா, நடந்துகொண்டிருக்கிறதா என்று தெரியாது.

ஒரு திங்களன்று கொடையாளி நாட்டுத் தூதர் வந்து திரையைப் பார்த்தார். அம்மை போட்ட முகம் மாதிரி சிவப்பாக இருந்தது. தேநீரைத் தொடாமலேயே போய்விட்டார். அவர் போன சூட்டோடு கான்பெராவிலிருந்து ப்ரூக் டென்னிசன் என்ற நிபுணர் வந்து இறங்கினார். சிவப்பைக் குறைப்பது அவர் பொறுப்பு. சாதாரண மனிதராக இருந்தால் கப்பல் ஏற்பாடு செய்திருப்பார். டென்னிசன் அம்மையார் நிறத்தை ஆராய்ந்தார்.

"சிவப்புங்கறது தாமதத்தைக் காட்டல," என்றார் முதல் கூட்டத்தில். "நமக்கு நம்ம மேலயே நம்பிக்கை இல்லங்கறதைக் காட்டுது. ஒரு பொருள் போய்ச் சேரணும்னு நாம மனசார முடிவு பண்ணிட்டா பாதி தூரம் போன மாதிரி. மீதிப் பாதி வெறும் கடல்."

எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். இனோகேயும் எடுத்தான். 'கடல்' என்ற சொல்லின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டான்.

அதுவரை கப்பல் தீவில் நங்கூரம் போட்டால்தான் சரக்கு போய்ச் சேர்ந்ததாக அர்த்தம். அம்மையார் அதைத் திருத்தி, கப்பல் சுவாவை விட்டுக் கிளம்பினாலே போய்ச் சேர்ந்த மாதிரி என்றார். பிறகு கப்பலில் ஏற்றினாலே போதும் என்று ஆனது. கடைசியில், பெற்றுக்கொள்கிறவர் கையெழுத்து இருந்தால் போதும், அவர் தீவில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று சுற்றறிக்கை வந்தது. அந்த மாதம் இரண்டு கப்பல்களில் ஒன்று பழுது, இன்னொன்றின் மாலுமிகள் வேலைநிறுத்தம். ஒரு மூட்டைகூடத் துறைமுகத்தைத் தாண்டவில்லை. நடுவத்தின் வரலாற்றில் அதைப் போல வெற்றிகரமான மாதம் வேறு கிடையாது. பச்சைச் சர்க்கரைப் பூச்சுப் போட்ட கேக் வெட்டினார்கள். தின்றவர்கள் நாக்கெல்லாம் சாயங்காலம்வரை பச்சையாக இருந்தது.

வதுலேகாவுக்காகக் கையெழுத்துப் போட்டவன் இனோகேயேதான். போடச் சொன்னவர் இயக்குநர் கெலேபி.

கெலேபி நுகுலோவா தீவுக்காரர். நுகுலோவாக்காரர்களுக்கும் வதுலேகாக்காரர்களுக்கும் தொன்றுதொட்டுக் கேலி முறை. எதிர்ப்பட்டால் வசவோடுதான் பேச்சைத் தொடங்க வேண்டும். ஒருவர் வீட்டுப் பன்றியை மற்றவர் அவிழ்த்துக்கொண்டு போனாலும் பறிகொடுத்தவர் கோபப்படக் கூடாது. சிரித்துக்கொண்டே கயிற்றையும் எடுத்துக் கொடுக்க வேண்டும். இரண்டு ஊர்க்காரர்கள் மரியாதையாகப் பேசிக்கொண்டால்தான் ஏதோ விபரீதம் நடந்துவிட்டது என்று பொருள்.

அதனால் வெள்ளிக்கிழமை மாலைகளில், மரத்தொட்டியில் யங்கோனா என்ற மயக்கம் தரும் வேர்ப்பொடியைக் கரைத்து எல்லோரும் வட்டமாக உட்காரும்போது, நடுவத்தில் வேறு யாருக்கும் இல்லாத சலுகை இனோகேக்கு இருந்தது.

"வாடா நண்டுதின்னி!" என்பார் கெலேபி, பூப்போட்ட சட்டையும் பெரிய தொப்பையுமாக.

"வரேன்டா பன்னித்திருடா!" என்பான் இனோகே.

இயக்குநரை முகத்துக்கு நேரே திருடன் என்று சொல்ல முடிந்த ஒரே ஆய்வாளன் அவன். மற்றவர்கள் பொறாமையோடு பார்ப்பார்கள். இனோகேக்கு அது வெறும் கேலியாகவும் இல்லை. அவன் அப்பா சுவாவில் இறந்தபோது சவப்பெட்டியின் ஒரு மூலையைத் தூக்கியவர் கெலேபி. தூக்கிக்கொண்டே, "உங்கப்பன் உசுரோட இருக்கும்போதும் கனம்தான்டா" என்று காதில் சொல்லி அழுகைக்கு நடுவே அவனைச் சிரிக்க வைத்தவர். அப்படிப்பட்ட மனிதரிடம் ஊர்க் கஷ்டத்தைச் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

சொன்னான். வதுலேகாவில் மழை பொய்த்துவிட்டது, கிணற்றில் உப்பு ஏறிவிட்டது, கடல்நீரைக் குடிநீராக்கும் எந்திரம் வந்து கிடங்கில் கிடக்கிறது என்று சொன்னான். கெலேபி சிரட்டையைக் கீழே வைத்தார். கண் கலங்கியது.

"உங்க ஊருக்குத் தண்ணி போய்ச் சேர்ற வரைக்கும் நானும் பச்சைத் தண்ணி தொடமாட்டேன்டா. சத்தியம். நீ உங்க ஊர் சார்பா வாங்கிக்கிட்டதா ஒரு கையெழுத்து மட்டும் போடு. அது இருந்தாத்தான் கப்பல்ல ஏத்த விடுவாங்க. அடுத்த கப்பல்ல ஏத்தறது என் பொறுப்பு."

இனோகே கையெழுத்துப் போட்டான். இயக்குநர் அன்றிலிருந்து விரதம். ஆரஞ்சுச் சாறும் பியருமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு காலம் தள்ளினார். யங்கோனாவும் தண்ணீரில் கரைப்பதுதானே என்று யாரோ கேட்டதற்கு, அது சம்பிரதாயம், தண்ணீரில் சேராது என்று தீர்ப்பும் சொன்னார்.

வதுலேகாவில் தொலைபேசிக்குச் சிக்னல் கிடைக்க வேண்டுமென்றால் குன்றின் உச்சிக்கு ஏற வேண்டும். இனோகேயின் அத்தை மகன் வைசேலே அந்தத் தீவின் மருத்துவமனைச் செவிலியன். திரை பச்சையான அன்று மத்தியானம் மூச்சு வாங்க அவன்தான் பேசினான்.

"என்ன மச்சான், எந்திரத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கிட்டியாமே? ரேடியோல சொன்னாங்க. கோயில்ல எல்லாரும் கைதட்டினாங்கடா. அப்புறம் கடற்கரைக்குப் போய்த் தேடிப் பாத்தோம்."

"வருதுடா. கொஞ்சம் பொறு."

"நான் பொறுப்பேன், இளநீயாக் குடிச்சு என் வயித்துல தென்னந்தோப்பே இருக்கு. சின்னப் புள்ளைங்களுக்கு வயித்தால போறது நிக்கல மச்சான். எங்கிட்ட உப்புச் சர்க்கரைப் பொடி நிறைய இருக்கு. அதைக் கரைக்க நல்ல தண்ணி இல்ல. இளநீயும் முடியப் போகுது. விளையாட்டு இல்லடா."

இனோகே ஒரே ஓட்டமாகக் கூட்ட அறைக்குப் போனான். அங்கே டென்னிசன் அம்மையாரும் கெலேபியும் திரையை ரசித்துக்கொண்டிருந்தார்கள். எந்திரம் கீழேதான் இருக்கிறது, இன்றே ஏற்றிவிடலாம் என்றான்.

அம்மையார் திடுக்கிட்டார்.

"போய்ச் சேர்ந்த பொருளையா? மறுபடியுமா? அது இரட்டை வழங்கல் ஆயிடுமே இனோகே. ஒரு தீவுக்கே ரெண்டு தடவை குடுத்தா மத்த தீவுகளுக்கு நாம என்ன பதில் சொல்றது?"

"மேடம், ஒரு தடவைகூடக் குடுக்கலயே. எந்திரம் மேல இர்ஷாத் பாய் உக்காந்து சாப்பிடறார்."

"அது கிடங்குப் பிரச்சினை. நான் பேசறது வழங்கலைப் பத்தி."

கெலேபி அவன் தோளில் கைபோட்டார். வழி இருக்கிறது என்றார். வதுலேகா மக்கள் எந்திரத்தைத் திருப்பி அனுப்பட்டும். திரும்பி வந்துவிட்டால் அது புதுச் சரக்கு. புதுச் சரக்கை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம்.

"வராத எந்திரத்தை எப்படித் திருப்பி அனுப்புவாங்க?"

"அதுக்குத்தான் கப்பல் அனுப்பறோம்," என்றார் அம்மையார் கனிவாக.

மாலுமிகள் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். கப்பல் புறப்பட்டது, காலியாக. அதிலேயே எந்திரத்தை ஏற்றிவிடலாமே என்று இனோகே கேட்டான். திரும்பி வரும் சரக்கை எடுக்கப் போகும் கப்பலில் போகும் சரக்கை ஏற்றினால் எது போவது, எது வருவது என்று ஆடிட்டர்கள் குழம்பிவிடுவார்களே என்று அம்மையார் கேட்டார். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. இனோகேக்கும் ஒரு நிமிடம் பட்டதுதான் வேடிக்கை.

வதுலேகாவில் கப்பலைப் பார்த்ததும் ஊரே பாட்டுப் பாடிக்கொண்டு கரைக்கு ஓடி வந்தது. கப்பல் தலைவர் இறங்கி, எந்திரத்தைக் கொடுங்கள் என்றார். எங்களுக்குத்தானே நீ கொடுக்க வேண்டும் என்றார்கள். சரக்கை ஏற்றாமல் போனால் என் வேலை போய்விடும் என்று தலைவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். பார்க்கவே பாவமாக இருந்ததாம். வைசேலேதான் கடைசியில் கடலோரத்திலிருந்து எந்திரத்தின் கனத்துக்கு ஒரு கல்லை உருட்டி வந்து, பாயில் சுற்றி, பலகை அடித்துக் கொடுத்தான். தலைவர் கண்ணீரோடு நன்றி சொல்லி, 'குடிநீர் எந்திரம், பத்திரம்' என்ற சீட்டை ஒட்டிக் கொண்டுபோனார். திரையில் 'திரும்பியது' என்று பச்சையாக விழுந்தது. இவ்வளவு விரைவாக எந்தத் தீவும் எதையும் திருப்பித் தந்ததில்லை என்று வதுலேகாவுக்குப் பாராட்டுப் பத்திரம் தயாரானது.

ஆக, கிடங்கில் இப்போது இரண்டு குடிநீர் எந்திரங்கள். அதில் ஒன்று கல். அதன் இடுக்கில் ஒரு நண்டு வேறு.

விஷயத்தைக் கேட்டு கெலேபி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"நண்டுதின்னிங்களுக்கு இவ்வளவு மூளையாடா! கவலைப்படாதே. டென்னிசன் அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாதே. உன் கண்ணு முன்னாலயே எந்திரத்தை ஏத்தறேன், போதுமா?"

ஏற்றவும் ஏற்றினார். புதுப் பலகை அடித்து, பச்சை நாடா கட்டி, பெட்டி கப்பலின் வயிற்றுக்குள் இறங்குவதை இனோகே துறைமுகத்தில் நின்று பார்த்தான். கெலேபி பக்கத்தில் நின்று ஆரஞ்சுச் சாறு குடித்தார். இனோகே சின்னப் பிள்ளை மாதிரி கப்பலுக்குக் கையாட்டினான். உடனே வைசேலேக்குச் சேதி சொன்னான்: வருதுடா, என் கண்ணால பாத்தேன்.

மறுபடி தொலைபேசி வந்தபோது வைசேலேக்கு மூச்சு வாங்கவில்லை. குன்றின் மேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் பேசினான் போலிருக்கிறது.

"நாங்க அனுப்புன கல்லு வந்து சேந்துச்சு. நாடா அழகா இருந்துச்சு. கூடப் போன நண்டும் வந்துடுச்சு, கொஞ்சம் இளைச்சிருக்கு."

"வைசேலே! டேய், நான் சத்தியமா..."

"இருக்கட்டும் சார். நீங்க பெரிய எடத்துல இருக்கீங்க. எந்திரத்தை வித்துட்டீங்கன்னு ஊர்ல பேசிக்கிறாங்க. நான் நம்பல. ஆனா கையெழுத்து உங்களதுதானே சார்."

மச்சான் என்ற வாய் இப்போது சார் என்கிறது. அதற்குப் பதிலாக வைசேலே அம்மாவரை இழுத்துத் திட்டியிருக்கலாம், இனோகே தாங்கியிருப்பான்.

கெலேபியின் அறைக்குள் அனுமதி கேட்காமல் போனான். பெட்டி எப்படி மாறியது என்று கேட்டான். அவர் மறைக்கக்கூட இல்லை. அதுதான் அவனுக்கு இன்றுவரை ஆறவில்லை.

"எந்திரம் எங்க ஊருக்குப் போகுதுடா. தூதர் திறப்பு விழாவுக்கு வர்றார். உங்க ஊர்ல என்ன இருக்கு? காஞ்ச தென்னை, அழுவுற புள்ளைங்க. தண்ணி இல்லாத ஊர்ல போட்டோ நல்லா வராது. எங்க ஊர்ல அருவி இருக்கு. எந்திரத்துக்குப் பின்னால அருவி கொட்டினா எப்படி இருக்கும், சொல்லு!"

"அருவி இருக்கிற ஊருக்கு எதுக்கு எந்திரம்?"

"நீ ஆய்வாளர் மாதிரியே பேசறே. இது வழங்கல். தவிர, உங்க ஊருக்கும் ஒண்ணு அனுப்பியாச்சே. திரையில ரெண்டு ஊருக்கும் ஆளுக்கு ஒண்ணு. சமநீதி." எழுந்து வந்து அவன் கன்னத்தைத் தட்டினார். "என்ன முறைக்கிறே? உங்க பன்னியை நாங்க அவுத்துக்கிட்டோம். முறைதானேடா! சிரி."

முறை என்று சொல்லிவிட்டால் வாயடைத்துப்போகும். இனோகே சிரித்தான். வெளியே வந்து கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான். தன் அப்பாவின் பெட்டியைத் தூக்கிய தோளில் சாய்ந்துதானே கையெழுத்துப் போட்டோம் என்று நினைக்க நினைக்க, ஏமாற்றியவரைவிட ஏமாந்த தன்மேல்தான் அவனுக்கு அதிகம் ஆத்திரம் வந்தது.

நுகுலோவா விழா ஜோராக இருந்தது. பச்சைப் பசேலென்ற மலை, இரைந்து கொட்டும் அருவி, அதன் அடியில் எந்திரம். கடல் தூரம் என்பதால் குழாயை ஓடையில் விட்டிருந்தார்கள். இல்லாத உப்பை ஓடைத் தண்ணீரிலிருந்து எந்திரம் மும்முரமாக நீக்கிக்கொண்டிருந்தது. தூதருக்கு மலர்மாலை. டென்னிசன் அம்மையாருக்கு மாலையோடு விசிறியும். ஓலைப் பந்தலில் இனோகேக்கும் ஓர் இடம் கொடுத்திருந்தார்கள். கேலி முறைக்காரர்களைக் கூப்பிடாமல் விழா நடத்தக் கூடாது என்பதால் வதுலேகா ஆட்களும் படகில் வந்திருந்தார்கள். வைசேலே தலைமையில் வந்த அவர்கள், பரிசாகப் பாயில் சுற்றிய பெரிய மூட்டை ஒன்றை மூங்கிலில் கட்டித் தூக்கி வந்திருந்தார்கள். வைசேலே இனோகேயின் பக்கம் திரும்பவே இல்லை.

கெலேபி பேச எழுந்தார்.

"வழங்கல்னா என்ன? கொண்டுபோய்க் குடுக்கறதா? அதைக் கழுதைகூடச் செய்யும். குடுத்தாச்சுன்னு எல்லாரும் நம்பணும், அதுதான் வழங்கல்! வதுலேகாவைப் பாருங்க. தாகத்துல தவிக்கிறப்பகூட வந்த எந்திரத்தை வேண்டாம்னு திருப்பி அனுப்பினாங்க. அந்தப் பெருந்தன்மையை நாங்க சும்மா விடல. மறுபடியும் அனுப்பினோம்!" தூதர் கைதட்டினார். "அவங்களுக்குத் தண்ணி போய்ச் சேர்ற வரைக்கும் நான் தண்ணி குடிக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணினேன். என் தம்பி இனோகே சாட்சி. இன்னிக்கு என் விரதம் முடியுது."

எந்திரத்திலிருந்து ஒரு கண்ணாடிக் குவளை நிறையத் தண்ணீர் பிடித்து, எல்லோரும் பார்க்க, தொண்டை ஏறி இறங்கக் குடித்தார்.

இனோகே வைசேலேயைப் பார்த்தான். வைசேலே முதல் தடவையாக அவனைப் பார்த்தான். திருப்பி அனுப்பியது, மறுபடி அனுப்பியது எல்லாம் இயக்குநரின் வேலை என்று வைசேலேக்கு இப்போதுதான் விளங்கியது. முகத்தில் இருந்த இறுக்கம் போய், வேறு ஒன்று வந்தது.

 இனோகே எழுந்து பந்தலுக்கு நடுவே போனான். கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்த் திடலில் கத்துகிற மாதிரி கத்தினான்.

"டேய் நுகுலோவாப் பன்னித்திருடனுங்களா! மலையிலேர்ந்து ஊத்துற தண்ணி பத்தாம எங்க தண்ணியையும் திருடிக் குடிக்கிறீங்களா? உங்க வயிறு என்ன கப்பலா, கிணறா?"

 நுகுலோவா ஊரே கொல்லென்று சிரித்தது. கேட்டு எத்தனை நாளாயிற்று இப்படி ஒரு வசவை!

இனோகே நேராக நடந்து போய் எந்திரத்தின் மேல் கையை வைத்தான். "இது எங்களுக்கு."

கேலி முறைக்காரன் கையை வைத்துச் சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது. மீன் கழுவிக்கொண்டிருந்த கைகளோடு முன்னால் வந்த லிதியானா என்ற பெரிய அம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"எடுத்துட்டுப் போங்கடா நண்டுதின்னிங்களா! நல்லாயிருப்பீங்க. வந்த நாள்லேர்ந்து குர்ருங்குது. அருவி சத்தமே கேக்கல. ஏய் பசங்களா, சும்மா நிக்கிறீங்களே, ஒரு கை குடுங்க!"

நுகுலோவாக்காரர்களே எந்திரத்தைத் தூக்கினார்கள். பாட்டுப் பாடிக்கொண்டே படகுக்குக் கொண்டுபோனார்கள். காலியான இடத்தில் வைசேலே பாய் மூட்டையை வைத்துப் பிரித்தான். உள்ளே அந்தக் கல். பச்சை நாடா இன்னும் அதன் மேல் இருந்தது. இதை நடனத்தின் ஒரு பகுதி என்று நினைத்துத் தூதர் எழுந்து நின்று கைதட்டினார். கல்லுக்குப் பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார். பின்னால் அருவி பிரமாதமாக விழுந்தது. கூட்டத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் கெலேபியும் சிரித்தார். வாய் மட்டும்தான் சிரித்தது.

படகில் ஏறும்போது வைசேலே இனோகேயின் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டான்.

"மடையா. முட்டாள் மச்சான். கையெழுத்துப் போடறதுக்கு முன்னால யோசிக்க மாட்டியாடா?"

 மச்சான் என்ற அந்த ஒரு வார்த்தைக்காக இனோகே இன்னும் இரண்டு அறை வாங்கியிருப்பான்.

அந்த எந்திரம் இன்றைக்கும் வதுலேகாவில் ஓடிக்கொண்டிருக்கிறது. திரையின்படி பார்த்தால் ஊருக்கு ஒன்று என்ற கணக்கில் எந்த மாற்றமும் இல்லாததால் நடுவம் எதையும் திருத்தவில்லை. நுகுலோவாவில் உள்ள எந்திரம் சத்தமே இல்லாமல் இயங்குகிறது, ஒருமுறைகூடப் பழுதாகவில்லை, மற்ற தீவுகளுக்கும் இதே மாதிரியை வாங்க வேண்டும் என்று டென்னிசன் அம்மையார் பரிந்துரை எழுதினார்.

விழாவுக்கு அடுத்த திங்கட்கிழமை இனோகே சுவாவில் வேலைக்கு வந்தான். வாசல் பூட்டில் அடையாள அட்டையை வைத்தான். கதவு திறக்கவில்லை. மறுபடி வைத்தான்.

இர்ஷாத் பாய் தன் கூண்டிலிருந்து தயங்கித் தயங்கி வந்தார்.

"திறக்காது பாபு. நீங்க இங்க இல்ல."

"இங்கதானே நிக்கிறேன்?"

"வதுலேகா கிளைக்கு மாத்தலாகிப் போய்ட்டீங்களாம். போய்ச் சேந்தும் ஆச்சு. பச்சையாக் காட்டுது."

"வதுலேகால நமக்குக் கிளை ஏது பாய்?"

"அதுவும் பச்சையாத்தான் இருக்கு." பாய் தலையைக் குனிந்துகொண்டார். "கப்பல் டிக்கெட் கேட்டுப் பாத்தேன், உங்களுக்காக. போய்ச் சேந்த ஆளுக்கு எதுக்கு டிக்கெட்டுன்னாங்க. வதுலேகா சார்பா உங்களை வாங்கிக்கிட்டதா இயக்குநர் பெரியவர்தான் கையெழுத்துப் போட்டிருக்கார்."

உள்ளிருந்து கெலேபி வந்தார். கையில் தண்ணீர்ப் பாட்டில். விரதம் முடிந்துவிட்டதே.

"வாடா நண்டுதின்னி!" என்று கைகளை விரித்தார். "என்ன முகம் இது? நீ எங்க பன்னியை அவுத்தே, நான் உன் நாற்காலியை எடுத்தேன். சரியாப் போச்சு. கோபமே கிடையாது. முறைதானே!"

இனோகே அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். திருடன் என்று சொல்ல வாயெடுத்தான். எத்தனை வெள்ளிக்கிழமை அந்த வார்த்தையை ஆசையாகச் சொல்லியிருக்கிறான்! இப்போது நிஜமாகவே சொல்ல வேண்டிய நேரத்தில், சொன்னால் அவர் சிரிப்பார். துரோகி என்றாலும் சிரிப்பார். இருக்கிற வசவையெல்லாம் அன்பாகச் செலவழித்துவிட்டிருந்தான். அவனிடம் ஒன்றும் மிச்சமில்லை.

"திட்டுடா," என்றார் கெலேபி. குரலில் கொஞ்சம் அவசரம் வந்திருந்தது. "பன்னித்திருடான்னு சொல்லு. உங்கப்பன் பெட்டியைத் தூக்கினவன்டா நான். திட்டிட்டுப் போ."

இனோகே சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். கைகளைக் கட்டிக்கொண்டு, ஊர்த் தலைவர் முன்னால் குனிவதைப் போல லேசாகக் குனிந்தான்.

"நீங்க செஞ்ச உதவிக்கெல்லாம் ரொம்ப நன்றிங்க, இயக்குநர் ஐயா. நான் வரேனுங்க."

கெலேபியின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. விரித்த கைகளை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. இனோகே திரும்பித் துறைமுகத்தின் பக்கம் நடந்தான், பின்னாலிருந்து அவர், "டேய்! ஒரு வார்த்தை திட்டுடா!" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.